தும்பாவுக்குப் போய் வந்தோம்: நம்ம ஊர்ச் சாரலும் ராக்கெட்டும்



கோடை விடுமுறையில் எங்கள் குழுவிலிருந்து மூன்று குடும்பம் சேர்ந்து வேன் பேசி, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்ற இடத்தில் இருக்கும் விண்வெளி அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தோம். திருச்செந்தூருக்கோ சங்கரன்கோவிலுக்கோ வேன் பேசினால் தெருவில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ராக்கெட் பார்க்கப் போகிறோம் என்று சொன்னதும் ஆளாளுக்குச் சிரித்தார்கள். எங்க அத்தை (வீட்டுக்காரரின் அம்மா) நேராகவே கேட்டுவிட்டார்.

"ஏட்டி, ராக்கெட்டா நமக்குச் சோறு போடுது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன். நான் குற்றாலத்தில் சீசனுக்கு நேந்திரங்காய் சிப்ஸும் பழமும் விற்பவள். ஜூன் மாதம் சாரல் விழுந்தால் எனக்கு வியாபாரம். சாரல் தள்ளிப் போனால் குழுவில் வாங்கிய கடனுக்குத் தவணை தள்ளிப் போகும். ஒரு வருஷம் ஜூலை பாதி வரை அருவியில் தண்ணீர் நூல் மாதிரி ஒழுகியது. வாங்கிப் போட்ட பழம் அழுகி, இரண்டு தவணை கட்ட முடியாமல் கூட்டத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். என்னைப் போல் பல பேர் நம் கூட்டமைப்பில் இருக்கிறீர்கள். அதனால் இந்த விஷயம் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் மூத்த பெண் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருந்தாள். பதினொன்றில் கணிதம், அறிவியல் பிரிவுதான் எடுப்பேன் என்று ஒரே பிடிவாதம். "அதுக்கு டியூஷன் வைக்கணும், செலவு ஆகும், காமர்ஸ் எடுத்தா போதும்" என்று எங்க வீட்டுக்காரர். இரண்டு மாதமாக வீட்டில் இதே பேச்சு. ஒரு நாள் வெளியே கூட்டிப் போனால் கொஞ்சம் தணியும் என்றுதான் நான் நினைத்தேன்.

மலையைத் தாண்டி ஒரு நாள்

தென்காசியிலிருந்து திருவனந்தபுரம் சாலை வழியே நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். செங்கோட்டை, புளியரை வளைவுகள், கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழா, பாலோடு, நெடுமங்காடு என்று மலைப்பாதை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டோம். கேரளாவுக்குள் போக வண்டிக்கு பெர்மிட் வேண்டும். அதை டிரைவரிடம் முதல் நாளே கேட்டு உறுதி செய்து கொள்ளுங்கள்.

செங்கோட்டை தாண்டும்போது அத்தை ஒன்று சொன்னார். அந்தக் காலத்தில் செங்கோட்டை திருவனந்தபுரம் ராஜாவுக்குச் சேர்ந்த ஊராம், அவங்க அப்பா சொல்லிக் கேட்டாராம். உண்மைதான். திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பிறகு திருநெல்வேலி மாவட்டம், 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம்.

வண்டி வளைந்து வளைந்து ஏறும்போது என் பெண் ஒரு கணக்குச் சொன்னாள். வானவெளி எங்கே தொடங்குகிறது? பொதுவாகத் தரையிலிருந்து 100 கிலோமீட்டர் உயரம் என்று வைத்திருக்கிறார்கள். நாம் இப்போது போகிற இந்த ரோட்டைச் சுருட்டி எடுத்து நேராக நிமிர்த்தி வைத்தால், திருவனந்தபுரம் இருக்கிற இடம்தான் வானவெளியின் வாசல். இவ்வளவு பக்கமா என்று எனக்கே ஆச்சரியம். ஆனால் பக்கவாட்டில் நூறு கிலோமீட்டர் போவது வேறு, செங்குத்தாக ஏறுவது வேறு. மலைப்பாதையில் எங்கள் வேன் முனகியதைக் கேட்டவர்களுக்கு அது புரியும்.

சர்ச்சுக்குள்ளே ராக்கெட்

தும்பா கடற்கரை ஊர். திருவனந்தபுரம் நகருக்கு வடக்கே, வேளி ஏரிக்குப் பக்கம். விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இங்கேதான் இருக்கிறது. இஸ்ரோ அனுப்பும் ராக்கெட்டுகளை வடிவமைப்பது இந்த மையம். உள்ளே எல்லாம் நாம் போக முடியாது, காவல் பலமாக இருக்கும். பொதுமக்கள் பார்க்கும் அருங்காட்சியகம் ஒரு பழைய மாதா கோவிலில் இருக்கிறது. புனித மகதலேனா மரியாள் ஆலயம். தெரியாமல் போகிறவர்கள் சர்ச்சுக்கு வந்துவிட்டோமோ என்று திகைப்பார்கள். அத்தை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்.

இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1960-களின் தொடக்கம். நாடு சுதந்திரம் பெற்றுப் பதினைந்து வருஷம்கூட ஆகவில்லை. சாப்பாட்டுக்கே வெளிநாட்டுக் கோதுமையை எதிர்பார்த்திருந்த காலம். விக்ரம் சாராபாய் என்ற விஞ்ஞானி ராக்கெட் விடுவதற்கு இடம் தேடி தென்கோடிக்கு வந்தார். தும்பா பிடித்துப் போயிற்று. ஆனால் அது மீனவக் குடும்பங்கள் வாழ்ந்த இடம். நடுவில் அவர்களுடைய கோவில். அரசாங்கம் நினைத்தால் போலீஸை வைத்துக் காலி செய்திருக்கலாம். சாராபாய் பிஷப்பைப் போய்ப் பார்த்தார். பிஷப்பின் பெயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாருங்கள் என்று பிஷப் சொன்னார். பூசை முடிந்ததும் கூடியிருந்த ஜனங்களிடம் விஷயத்தை எடுத்துச் சொல்லி, கோவிலையும் வீடுகளையும் அறிவியலுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். ஜனங்கள் சம்மதித்தார்கள். இதை அப்துல் கலாம் அவர்கள் பிற்காலத்தில் பல இடங்களில் எழுதியும் பேசியும் இருக்கிறார். அந்தக் குடும்பங்களுக்குப் பக்கத்திலேயே வேறு இடத்தில் வீடுகளும் புதிய கோவிலும் அமைந்தன.

எல்லோரும் பிஷப்பைப் புகழ்கிறார்கள், புகழ வேண்டியதுதான். எனக்கு என்னவோ அந்த மீனவப் பெண்கள் ஞாபகம்தான் வந்தது. மீன் காய வைத்த மணல், தண்ணீர் எடுத்த கிணறு, கல்யாணம் நடந்த கோவில், எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பாத்திரம் பண்டங்களைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள்தானே. அன்றைக்கு அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் படித்த எதிலும் இல்லை.

அந்தக் கோவில் கட்டடம்தான் விஞ்ஞானிகளுக்கு முதல் பட்டறை ஆயிற்று. பிஷப் குடியிருந்த வீடு ஆபீஸ். முதல் ராக்கெட்டைப் பூட்டிச் சேர்த்தது கோவிலுக்குள்ளேதான். ராமேஸ்வரத்துப் பிள்ளை கலாம் அப்போது இளைஞர், அந்த முதல் கூட்டத்தில் ஒருவர். வண்டி வாகனம் குறைவு. ராக்கெட்டின் மூக்குப் பகுதியை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் படம் ஒன்று உலகம் முழுக்கப் பிரபலம். 1966-ல் ஒரு பிரெஞ்சுப் புகைப்படக்காரர் எடுத்தது.

1963 நவம்பர் 21, சாயங்காலம் ஆறரை மணி சுமாருக்கு முதல் ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் அமெரிக்காவுடையது, பெயர் நைக்-அப்பாச்சி. அதன் தலையில் இருந்த கருவி பிரான்ஸிலிருந்து வந்தது. விட்டது நம் மண்ணிலிருந்து. மேலே போனதும் அது சோடியம் ஆவியைக் கக்கியது. சாயங்கால வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புகைக் கோலம். அது எந்தப் பக்கம் கலைகிறது என்று பார்த்து மேலே காற்று எப்படி வீசுகிறது என்று கணக்கெடுத்தார்கள்.

நாலு வருஷம் கழித்து, 1967 நவம்பரில் நம் ஆட்களே செய்த முதல் ராக்கெட் கிளம்பியது. ரோகிணி-75 என்று பெயர். 75 என்பது அதன் குறுக்களவு, 75 மில்லிமீட்டர். நம் வீட்டு டீ டம்ளர் வாய் அளவுதான்! அங்கே இருக்கும் பெரிய ராக்கெட் மாதிரிகளைப் பார்த்துவிட்டு இந்த எண்ணைக் கேட்டால் சிரிப்பு வரும். அத்தைகூட "தீவாளி ராக்கெட்டுக்கு அண்ணன் போல" என்றார்.

சும்மா சொல்லவில்லை, தத்துவம் ஒன்றுதான். பலூனை ஊதி முடிச்சுப் போடாமல் விட்டால் காற்று பின்னால் வர, பலூன் முன்னால் ஓடும். ராக்கெட்டில் மருந்து எரிந்து புகை கீழே பாய, ராக்கெட் மேலே போகிறது. சிரமம் எங்கே என்றால், எரிபொருளையும் அதுவேதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பி.எஸ்.எல்.வி. என்று செய்தியில் கேட்கிறோமே, அது 44 மீட்டர் உயரம், 320 டன் எடை. அதில் மேலே போய்ச் சேரும் செயற்கைக்கோள் 1,750 கிலோ அளவுதான் இருக்கலாம். மீதி எல்லாம் எரிந்தும் கழன்றும் போய்விடும்.

மேலே போன செயற்கைக்கோள் ஏன் கீழே விழுவதில்லை என்று எங்க குழுப் பிரதிநிதி கேட்டார். நல்ல கேள்வி. மொட்டை மாடியிலிருந்து ஒரு கல்லைப் பக்கவாட்டில் வீசினால் கொஞ்ச தூரம் போய் விழும். இன்னும் வேகமாக வீசினால் இன்னும் தள்ளி விழும். பூமி உருண்டை. ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் வேகத்தில் வீச முடிந்தால், கல் விழ விழ பூமியும் வளைந்து கீழே போய்க்கொண்டே இருக்கும். கல் விழுந்துகொண்டே சுற்றும், தரையைத் தொடவே தொடாது. அது என்ன வேகம்? தென்காசியிலிருந்து மெயின் அருவிக்கு ஒரு விநாடிக்குள் போய்விடலாம். நம் மினி பஸ் எத்தனை நேரம் எடுக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த வேகத்தை நாமாகவே முதலில் எட்டியது 1980 ஜூலை 18-ல், எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டில். ஆந்திராவில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விட்டார்கள். திட்ட இயக்குநர் கலாம். அதற்கு முந்தைய வருஷம் ஆகஸ்ட் 10-ல் விட்டது வங்காள விரிகுடாவில் விழுந்துவிட்டது. இரண்டாம் தடவை மேலே போய்ச் சேர்ந்த ரோகிணி செயற்கைக்கோளின் எடை 35 கிலோ. அந்தியோதயா கார்டுக்கு ஒரு மாதம் போடும் அரிசி எடை. 2023-ல் நிலாவுக்குப் போன சந்திரயான்-3 ஏறக்குறைய 3,900 கிலோ.

ஏன் தும்பா?

நாட்டில் எத்தனையோ கடற்கரை இருக்க இந்த ஊரை ஏன் பிடித்தார்கள்? பூமியே ஒரு பெரிய காந்தம். காந்த ஊசியை எந்தப் பக்கமும் சாயும்படி நடுவில் தொங்கவிட்டால் வடக்கே போகப் போக ஊசி தலையைக் கீழே குத்தும். ஓர் இடத்தில் மட்டும் தராசு முள் சமமாக நிற்பது போல் கிடைமட்டமாக நிற்கும். அப்படி நிற்கும் இடங்களை இணைக்கும் கோட்டைக் காந்த நடுக்கோடு என்கிறார்கள். அந்தக் கோடு அன்றைக்குத் தும்பாவுக்கு மிக அருகில் ஓடியது. அந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் 110 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் வானத்தில் மின்சாரம் ஆறு மாதிரி ஓடுகிறது. அதை ஆராய்வதற்குத்தான் உலக விஞ்ஞானிகள் தும்பாவைத் தேடி வந்தார்கள். அமெரிக்கா, ரஷ்யா, பிரான்ஸ் எல்லாரும். ஒருவருக்கொருவர் முறைத்துக்கொண்டிருந்த நாடுகள் இந்த மீனவ ஊரில் வந்து ஒன்றாக வேலை பார்த்தன. 1968 பிப்ரவரி 2-ல் இந்த ராக்கெட் தளத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார் பிரதமர் இந்திரா காந்தி.

இதுவரை கேட்டுக்கொண்டு வந்த அத்தை, "அதெல்லாம் சரி, நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலையே" என்றார்.

நம்ம ஊர்க் காற்று

பதில் காற்றில் இருக்கிறது சகோதரிகளே.

தென்மேற்குப் பருவக்காற்று எங்கிருந்து வருகிறது? அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு கேரளக் கரையில் ஏறுகிறது. வழக்கமாக ஜூன் 1 சுமாருக்குத் தொடங்கும். தும்பா கடற்கரையில் வீசுவதும் அதே காற்றுதான். கிழக்கே வந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. காற்று மலையில் ஏறிக் குளிர்ந்து மழையைக் கேரளப் பக்கமே கொட்டிவிடுகிறது. அதனால்தான் மலைக்கு இந்தப் பக்கம் பல ஊர்களில் ஆடி மாதத்தில் வெறும் காற்றும் புழுதியும். ஆனால் நமக்கு ஆரியங்காவுக் கணவாய் இருக்கிறது. மலை அங்கே தாழ்ந்து வழி விடுகிறது. அந்த வாசல் வழியாக ஈரக்காற்று தப்பித்து வந்து செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் பக்கம் சாரலாகத் தூவுகிறது. அதே காற்றை நம்பித்தான் சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. காலையில் நாங்கள் வந்த பாதையும் இதே கணவாய்தான். நாங்கள் போன வழியில் காற்று எதிரே வருகிறது, அவ்வளவுதான்.

அந்தக் காற்றை மேலே போய் அளப்பதற்கு ஒரு சின்ன ராக்கெட் உண்டு. ரோகிணி-200. தும்பாவிலிருந்து பல வருஷங்களாக விட்டு வருகிறார்கள். எழுபது, எண்பது கிலோமீட்டர் உயரம் போகும். மறுபடியும் நம் ரோட்டைக் கணக்கு வைத்தால் தென்காசியிலிருந்து கிளம்பிப் பாலோடு பக்கம் நின்றுவிடும், வானவெளியை எட்டாது. உச்சிக்குப் போனதும் தலைமுடி போன்ற மெல்லிய செம்பு இழைகளைத் தூவும். அவை காற்றோடு மிதந்து வருவதைக் கீழே ரேடார் பார்த்துக்கொண்டே இருக்கும். எந்த உயரத்தில் காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகம் என்று தெரிந்துவிடும்.

இதைச் சொன்னதும் அத்தைக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. களத்தில் நெல் தூற்றும் முன்னால் ஒரு கை பதரை அள்ளி மேலே வீசிப் பார்ப்போமே, காற்று எந்தப் பக்கம் என்று? அதே வேலை. "அப்பவே நாங்க பண்ணினதுதான், இவங்க கொஞ்சம் ஒசக்கப் போய்ப் பண்றாங்க" என்றார். இதைவிட நன்றாக யாரும் விளக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

1979-ல் பருவமழையை ஆராய உலக நாடுகள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்விலும் இந்த ரோகிணி ராக்கெட்டுகள் பங்கெடுத்தன. 2022 நவம்பர் 23-ல் தொடர்ந்து 200-வது தடவையாக ஒரு தோல்வியும் இல்லாமல் தும்பாவிலிருந்து பறந்தது.

செயற்கைக்கோள் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

டிவியில் வானிலைச் செய்தியில் வெள்ளை வெள்ளையாக மேகம் நகருவதைக் காட்டுகிறார்களே, அது இன்சாட் செயற்கைக்கோள் எடுக்கும் படம். 2024 பிப்ரவரி 17-ல் அனுப்பிய இன்சாட்-3டி.எஸ். இந்த வேலைக்கென்றே போனது. பூமிக்கு 36,000 கிலோமீட்டர் மேலே இருக்கிறது. தென்காசியிலிருந்து சென்னைக்கு அறுபது தடவை போகும் தூரம். அது பூமியைச் சுற்ற ஒரு நாள் ஆகும், பூமியும் தன்னைத்தானே சுற்ற ஒரு நாள். கும்மி அடிக்கும்போது நடுவில் நிற்பவளும் கூடவே திரும்பிக்கொண்டிருந்தால், வட்டத்தில் வரும் ஒருத்தி எப்போதும் அவள் முகத்துக்கு நேராகவே இருப்பாள் அல்லவா? அந்த மாதிரி எப்போதும் ஒரே இடத்தில் நின்று இந்தியாவைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதற்கெல்லாம் ஒரு வரம்பு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மலையில் பெய்த மழையில் அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து, குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்து போனான். சீசன்கூடத் தொடங்காத நாள். மேலே அவ்வளவு கண்கள் இருந்தும் ஏன் இப்படி? செயற்கைக்கோள் பெரிய மேகக் கூட்டத்தைப் பார்க்கும். நாளைக்குத் தென் மாவட்டங்களில் கனமழை வரலாம் என்று சொல்ல உதவும். ஆனால் இன்ன மலைச்சரிவில், இன்ன ஓடையில், மூன்று மணிக்குத் தண்ணீர் வரும் என்று அதனால் சொல்ல முடியாது. மேலே கொட்டிய மழை சில நிமிடத்தில் கீழே வந்துவிடுகிறது. அந்த இடைவெளியை அடைப்பது மலையில் வைக்கும் மழைமானியும், கீழே விசில் ஊதும் ஆளும், கடையில் உட்கார்ந்திருக்கும் நாமும்தான். தண்ணீர் நிறம் கலங்கினாலோ, இலையும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ உடனே கத்திச் சொல்லுங்கள். வியாபாரம் கெடும் என்று பார்க்க வேண்டாம். மாவட்ட அவசர எண் 1077.

வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை கொடுக்கிறது. மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை. 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் அதி கனமழை என்பது கணக்கு. 20 சென்டிமீட்டர் என்றால் ஒரு சாண்தானே என்று நினைக்காதீர்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள இடத்தில் 200 லிட்டர் தண்ணீர். 15 லிட்டர் குடத்தில் பதிமூன்று குடம். மலை முழுக்க ஒவ்வொரு மீட்டருக்கும் பதிமூன்று குடத்தைக் கவிழ்த்தால் அது எங்கே வரும்? நம் அருவிக்குத்தான்.

மின்னல் எச்சரிக்கைக்கு 'தாமினி', விவசாயத்துக்கு 'மேகதூத்' என்று செல்போன் செயலிகள் இருக்கின்றன. வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் இறக்கித் தருவார்கள். நான் இப்போது பழம் எடுக்கும் முன்னால் வானிலை முன்னறிவிப்பைப் பார்க்கிறேன். நாலு நாள் சாரல் இல்லை என்றால் பாதிச் சரக்குதான் எடுப்பது. முன்னறிவிப்பு சில சமயம் பொய்த்தும் போகும். ஆனால் வானத்தை அண்ணாந்து பார்த்து நானாகவே கணக்குப் போட்டதைவிட மேல்.

செங்கோட்டைப் பெண்

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். செங்கோட்டைக்குள் வண்டி நுழைந்ததும் டிரைவர் தம்பி சொன்னார், "எக்கா, சூரியனுக்கு ராக்கெட் விட்டாங்கள்லா, அந்த அம்மா எங்க ஊருதான்."

நிகர் ஷாஜி அவர்களைச் சொன்னார். செங்கோட்டையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அதே ஊரில் எஸ்.ஆர்.எம். அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளியில் படித்தவர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்து, ராஞ்சியில் மேற்படிப்பு முடித்து, 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்டத்துக்கு அவர்தான் இயக்குநராக இருந்தார். 2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய அது 2024 ஜனவரி 6-ல் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தூரம் 15 லட்சம் கிலோமீட்டர், நிலா இருக்கும் தூரத்தைப் போல நாலு மடங்கு. சூரியனின் இழுப்பும் பூமியின் இழுப்பும் கணக்காக அமையும் ஓர் இடம் அது. அங்கே நின்றால் சூரியனைக் கிரகணம் மறைக்காது, இடைவிடாமல் பார்க்கலாம். சூரியனில் கிளம்பும் புயல்கள் செயற்கைக்கோளையும் மின்சார லைனையும் கெடுக்கக் கூடியவை. அதனால் இந்தக் காவல்.

என் பெண் தூங்கவில்லை போலிருக்கிறது. பின் சீட்டிலிருந்து, "அவங்க மேத்ஸ் எடுத்திருக்காங்கப்பா" என்றாள். எங்க வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அத்தைதான் பேசினார். "ஒரு பிள்ளைக்கு டியூஷன் காசு எம்புட்டு ஆயிரும்? என் முதியோர் பணத்துல இருந்து தாரேன்."

ஜூன் மாதம் அவள் கணிதம், அறிவியல் பிரிவில் சேர்ந்துவிட்டாள். அரசுப் பள்ளி, பஸ் பாஸ் இலவசம். டியூஷனுக்கும் புத்தகத்துக்கும் குழுவில் உள்கடன் கேட்டிருக்கிறேன். இந்த வருஷம் சாரல் எப்படி இருக்குமோ, அதைப் பொறுத்துத்தான் தவணை.

போக நினைப்பவர்களுக்கு

காலையிலேயே கிளம்பி மதியத்துக்கு முன் தும்பாவில் இருப்பது நல்லது. பெரியவர்கள் எல்லோரும் அரசு அடையாள அட்டை எடுத்துச் செல்லுங்கள். பார்வை நேரம், விடுமுறை நாள் இவற்றை விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இணையதளத்தில் அன்றைய நிலவரப்படி பார்த்துவிட்டு வண்டி பேசுங்கள். மதியத்துக்கு மேல் வேளி படகுத் துறையில் பிள்ளைகள் விளையாடலாம். ரயிலில் போக விரும்பினால் செங்கோட்டையிலிருந்து புனலூர் வழியாகக் கொல்லம் போய் மாறலாம். 1904-ல் போட்ட அந்த மீட்டர்கேஜ் மலைப்பாதை அகலப்பாதையாகி 2018-ல் முழுவதும் திறந்தது. கழுதுருட்டி பக்கத்தில் பதிமூன்று கண் பாலம் பார்க்கவே ஒரு தடவை போகலாம்.

மலை தாண்ட முடியாதவர்களுக்கு திருநெல்வேலியில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. 1987-ல் திறந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு நாளுக்குப் போதும். அதே மாவட்டத்தில் பணகுடி பக்கம் மகேந்திரகிரியில்தான் பெரிய ராக்கெட்டுகளின் திரவ எரிபொருள் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். குலசேகரப்பட்டினத்தில் சின்ன ராக்கெட்டுகளுக்கு என்று இன்னொரு ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விடும் ராக்கெட் இலங்கை மேல் போகாமல் வளைந்து போக வேண்டும், அதில் எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து விட்டால் தெற்கே வெறும் கடல்தான், நேராகவே போகலாம். தசராவுக்கு முத்தாரம்மன் கோயில் போகிறவர்களுக்கு அந்த இடம் தெரியும்.

எங்கள் வேனில் பதினான்கு பேர் போனோம். வாடகை, பெர்மிட், டிரைவர் பேட்டா எல்லாவற்றையும் குடும்பக் கணக்காக இல்லாமல் தலைக்கணக்காகப் பிரித்துக்கொண்டோம், சண்டை வரவில்லை. அடுத்த காலாண்டு விடுமுறையில் இன்னொரு வேன் கிளம்பினால் நல்லது என்று கூட்டத்தில் பேச்சு வந்திருக்கிறது. வர விரும்பும் சகோதரிகள் தங்கள் குழு ஊக்குநரிடம் பெயர் கொடுக்கவும். பத்து முதல் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்கள் பெயரை முதலில் எழுதச் சொல்லியிருக்கிறோம். மாமியார்களுக்கும் இடம் உண்டு.